கராஜில் நான் வைத்த கொள்ளி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான். சண்டைக்குள் எத்தனை செத்தவர்களைக் கடந்து நடந்திருக்கிறேன், ஒருவரும் என் பின்னால் வந்ததில்லை. இதையும் நீங்கள் நம்பவேண்டும் என்று நான் கெஞ்சவில்லை. பெரிய படிப்புப் படித்தவள் இல்லைத்தான், ஆனால் கண்ணும் நாக்கும் எனக்கு ஒழுங்காக இருக்கின்றன.

என் மகன் நேசன் இயக்கத்துக்குப் போய்க் கடலில் நின்றவன். பத்தொன்பது வயதில் ஒரு கடற்சண்டையில் படகோடு போய்விட்டான். ஆளைக் கொண்டுவரவில்லை, மாலை போட்ட ஒரு படத்தைத்தான் கொண்டுவந்து தந்தார்கள். மாலையைக் கழற்றி அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன், படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் சடங்கும் செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை, திவசமும் இல்லை. உடம்பைக் காட்டுங்கள், பிறகு எரிக்கிறேன் என்பதுதான் எல்லாருக்கும் என் பதில். ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பதில் மாறவில்லை.

முந்தின பனிக்காலம் மகள் வாசுகி வந்து நின்றுகொண்டாள். அவளுடைய மகளுக்குப் பேசிவந்த கலியாணங்கள் எல்லாம் குழம்பிப்போகின்றன, குறிப்பைப் பார்த்த ஐயர் தாய்மாமனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாத குறை என்று சொல்லிவிட்டாராம். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் கட்டி, அதை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைக்கிற வழக்கம் இருக்கிறதுதானே, அதைச் செய்வோம் என்றாள்.

"அம்மா, உங்கட பிடிவாதத்துக்கு என்ர பிள்ளை கிடந்து காயவேணுமோ?"

"புல்லுக்கட்டை எரிச்சுப்போட்டு, என்ர பிள்ளையை எரிச்சனான் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

அவள் அழுதுவிட்டாள். பேத்திக்காக ஓம் என்றேன். ஆனால் கொள்ளி நான்தான் வைப்பேன், பெற்றவள் நான் என்றேன். பொம்பிளைகள் வைக்கிறதில்லையே என்று ஐயர் போனில் இழுத்தார். "அப்ப நீங்களும் வரவேண்டாம்" என்றேன். வந்தார்.

மகள் வீட்டுக் கராஜில்தான் வைத்தோம். நல்ல பகல், வெளியில் பனி வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு கிடந்தது. மருமகன் காரை வெளியே எடுத்து, புகை போகக் கதவைப் பாதி உயர்த்தி, புரியாணி வருகிற பெரிய அலுமினியத் தட்டில் மணல் பரப்பினார். ஐயர் என் கண்முன்னால் பொலித்தீன் பக்கெற்றை உடைத்துத் தர்ப்பையை எடுத்தார். சருகு மாதிரிக் காய்ந்த புல், கட்டும்போதே ஒடிந்து ஒடிந்து விழுந்தது. தலை, கை, கால் எல்லாம் வைத்து ஒரு முழத்துக்கு ஓர் ஆள். நெய் விட்டு, நெஞ்சில் கற்பூரம் வைத்தார். கொளுத்தினேன். கற்பூரம் எரிந்து முடிந்தது, புல் பற்றவில்லை. இன்னொரு கற்பூரக் கட்டி வைத்தோம், அதுவும் அப்படித்தான். மருமகன் பாபிக்கியூ மூட்டுகிற லைற்றரைக் கொண்டுவந்து காலடியில் பிடித்தார், அது சீறிச் சீறி அணைந்தது.

"ஆர் இதுக்குத் தண்ணி ஊத்தினது?" என்று ஐயர் கேட்டார்.

"பக்கெற் உடைச்சது நீங்கள் ஐயா. கும்பத்துத் தண்ணியில ஒரு சொட்டுக் குறையேல்லை, பாருங்கோ" என்றேன்.

குனிந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அந்தப் புல் தோய்ந்துபோய்க் கிடந்தது, தலையிலிருந்து கால்வரை நீர் வடிந்து கீழே மணல் கறுத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். "சீ, அம்மா" என்று வாசுகி என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரலைப் பிடித்துத் தோய்த்து அவள் வாயில் வைத்தேன்.

"உப்பு" என்றாள்.

கறிக்குப் போடுகிற உப்பு இல்லை, அடிநாக்கில் கசப்போடு ஏறுகிற கடல் உப்பு. இந்த ஊர் வாவியும் நல்ல தண்ணீர், பைப்பில் வருவதும் நல்ல தண்ணீர். காரோடு வந்த, பனி உருக்கக் கொட்டுகிற றோட்டு உப்பு என்று மருமகன் இன்றைக்கும் சொல்வார். றோட்டு உப்பு நிலத்தில் கிடக்கும், தட்டில் ஏறிப் படுத்திருக்கிற ஆளின் தலையை எப்படி நனைக்கும்?

"இன்னொரு பக்கெற் காரில கிடக்கு, புதுசாக் கட்டுவம்" என்றார் ஐயர்.

"வேண்டாம் ஐயா. மாட்டன் எண்டு நிக்கிறான். என்ர பிள்ளையெல்லோ."

ஐயருக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினோம். அந்தப் புல் ஆளை ஒரு கடைப் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டோர்செட் பார்க்கில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தேன். கலியாணம் அடுத்த கோடையிலேயே பொருந்திவந்தது. "நான் அப்பவே சொன்னனான் அம்மம்மா, மாமாவுக்கும் இதுக்கும் என்ன கனெக்‌ஷன்?" என்று பேத்தி சிரிக்கிறாள்.

ஆள் என் அறையில் ஹீற்றருக்கு மேலே, நேசனுடைய படத்துக்குக் கீழே கிடக்கிறான். அந்தச் சூட்டில் ஈரச் சேலை ஒரு பொழுதில் காய்ந்துவிடும், என் தோலே வெடிக்கிறது. அவன் காயவில்லை. விடிய எழும்பினால் ஹீற்றர் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், துடைத்துவிடுவேன். பயமில்லை, என் வீட்டில் என் பிள்ளைக்கு நான் ஏன் பயப்படவேண்டும்?

ஒன்றுதான். அன்றைக்கு ஐயர் கட்டியது ஒரு முழம், முகம் துடைக்கிற சின்னத் துவாயில்தான் வைத்தேன். ஈரத்தில் புல் நீளும் என்கிறாள் வாசுகி. நீளட்டும். இப்போது குளிக்கிற துவாய் விரிக்கிறேன், அதற்கும் வெளியே கால் வந்துவிட்டது.