ஏற்றத்துக்கு எத்தனை கிராம்

"வண்டி எத்தனை கிலோன்னு எனக்குத் தெரியும். நீங்க எத்தனை கிலோ? முதல்ல அதைச் சொல்லுங்க."

ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்துவதற்குள் தராசு அக்கா இதைக் கேட்டுவிடுவார். வந்தவர் நெளிவார். சொன்ன எடையோடு நாலு கிலோவைத் தன் பங்குக்குச் சேர்த்து, அக்கா சுவரில் சாக்பீஸால் எழுதுவார். வயதைக்கூட உண்மையாகச் சொல்பவர்கள் உண்டு, எடையைச் சொல்பவர்களைத் தான் பார்த்ததில்லை என்பார்.

மேட்டுத் தெருவின் அடியில் அவருடைய மெக்கானிக் கடை. கியர் இல்லாத ஸ்கூட்டர்களை ஏற்றத்தில் திணறாமல் ஏற வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இடப்பக்க மூடியைக் கழற்றினால் பெல்ட். அதை இழுக்கும் முன்பக்கக் கப்பிக்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஆறு ரோலர்கள். கனமான ரோலர் சமதரையில் வண்டியைப் பறக்கவிடும், மேட்டில் காலை வாரிவிடும். கனத்தைக் குறைத்தால் இழுவை கூடும், வேகம் குறையும். அளவுக்கு மீறிக் குறைத்தால் எஞ்சின் கத்துமே தவிர வண்டி போகாது. அரை கிராமுக்காக அக்கா மல்லுக்கு நிற்பது இதனால்தான். புது ரோலரையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்காமல் மாட்டமாட்டார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். இது மேட்டுல ஏறப்போற சாமான்."

"அந்தத் தராசு கடைக்குப் போன நாள்லேர்ந்து எங்க வீட்டுல உப்பு கண்ணளவுதான்" என்று அவர் கணவர் புலம்புவதுண்டு.

யானைக்கும் அடி சறுக்கும். மேட்டு உச்சியில் குடியிருக்கும் பேக்கரிக்காரர் வந்தார். மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன். வாரம் இரண்டு முறை கீழே ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டும். திரும்புகையில் பாதி மேட்டில் வண்டி மூச்சு வாங்குகிறது. மனைவியின் எடை? "நாப்பத்தெட்டுக்கா." நெளியவில்லை, கண்கூடச் சிமிட்டவில்லை. அக்கா நம்பிவிட்டார். நாலு கிலோவைக்கூடச் சேர்க்காமல், பன்னிரண்டு கிராமுக்குப் பதில் பதினொன்று மாட்டி அனுப்பினார்.

மூன்றாம் நாள் மனிதர் முகம் தொங்க வந்து நின்றார். "மூணாவது வளைவுல நின்னுடுச்சுக்கா. அவளை இறக்கிவிட்டேன். உட்கார ஒரு கல்லுகூட இல்ல அங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இனிமே பயிற்சிக்கே வரலைன்னுட்டா. விட்டா முட்டி மடங்காமலே போயிடும்னு டாக்டர் சொல்றாரு."

"நாப்பத்தெட்டுன்னு எப்பப் பார்த்தீங்க?"

"கல்யாணத்தப்போ."

"அது எப்போ?"

"பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"மாவை கிராம் கணக்கா அளக்கிற ஆளு! பொண்டாட்டி எடை தெரியலையா?"

"எனக்கு அவ கனமாத் தெரிஞ்சதே இல்லக்கா."

அக்கா சுவரில் எழுதியிருந்த நாற்பத்தெட்டைக் கையால் அழித்தார். தப்பு தன்னுடையது என்று மனசு குடைந்தது.

மறுநாள் அவரே மேடேறிப் போனார். கதவைத் திறந்த மனைவி வெடுக்கென்று, "என்னை எடை போட வந்தீங்களா?" என்றார்.

"உங்களை இல்லம்மா, ஸ்பிரிங்கை."

வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவரை உட்காரவைத்து, பின்சக்கரத்து ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேலால் அளந்தார். எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேக்கரிக்காரரோடு வண்டியைக் கீழே கொண்டுவந்து ஒன்பது கிராமில் மூன்று, பத்தில் மூன்று, ஒன்றுவிட்டு ஒன்றாக மாட்டினார். "சமதரையில சைக்கிள்காரன்கூட முந்துவான், பரவாயில்லையா?"

"முந்தட்டும்க்கா. அவ இன்னும் ஒரே தடவை வரேன்னிருக்கா. மறுபடி நின்னா வீட்டை விட்டே இறங்கமாட்டாளாம்."

பயிற்சி நாளன்று மாலை அக்கா கடையைப் பாதி சாத்திவிட்டு, தான் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வளைவுக்கு நடந்தார். வண்டி நின்றுவிட்டால் அந்த அம்மாவும் நிற்க வேண்டாமே. மூச்சிரைத்தது. ஸ்டூலை இடுப்போடு அணைத்துப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

முதல் வளைவில் சத்தம் கேட்டது. இரண்டாவதிலும் சுருதி இறங்கவில்லை. மூன்றாவதில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக முனகியது, ஆனால் நிற்கவில்லை. பேக்கரிக்காரர் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவர் மட்டும் ஸ்டூலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மேலே போனார்.

சத்தம் உச்சியில் போய் அடங்கும் வரை அக்கா அசையவில்லை. பிறகு ஸ்டூலை ரோட்டோரம் போட்டு, அதில் தானே உட்கார்ந்தார்.