மாதங்கி எழுதிய ஹில்டு

மாதங்கியின் பாடக்குறிப்புகள் பதினெட்டு ஆண்டுகளாகக் கரியாஹாட் கடைத்தெருவின் ஜெராக்ஸ் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. அட்டையில் அவள் பெயர் கிடையாது. போட வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. பிள்ளைகள் படித்தால் சரி.

கல்லூரியில் அவள் தற்காலிக வரலாற்று ஆசிரியை. பழைய இங்கிலாந்தின் மடத்தலைவிகளைப் பற்றித்தான் அவள் ஆய்வு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் சேர்ந்திருந்த மடங்களை ஆண்ட பெண்கள். அவர்களில் ஹில்டு என்பவளின் மடத்தில் படித்த ஐந்து பேர் பிஷப் ஆனார்கள். அவள் ஆக முடியாது, பெண் ஆயிற்றே! அவள் எழுதியதாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஓர் ஆண் துறவி எழுதிவைத்ததுதான். செத்த பிறகு புனிதை என்று கும்பிட்டார்கள். கும்பிடுவதற்கு என்ன செலவு?

இந்த ஆண்டு துறையில் ஒரு நிரந்தர இடம் வந்தது. நாற்பத்து நான்கு வயது மாதங்கிக்கு அதுவே கடைசி வாய்ப்பு. நேர்காணலுக்கு ஹில்டு பற்றிய தன் கட்டுரையைக் கொண்டுபோனாள். தேர்வுக் குழுத் தலைவர் அச்சான வேறொரு கட்டுரையை எடுத்து அதன் அருகில் வைத்தார்.

“இதைப் பார்த்து எழுதினீர்களா?”

வரிக்கு வரி அவளுடையது. மேலே இருந்த பெயர் அபினவ். அவளிடம் படித்தவன், அதே வேலைக்காக வெளியே காத்திருந்தான்.

“இவை என் வகுப்புக் குறிப்புகள். என் மாணவர்களைக் கேளுங்கள்.”

“மாணவர் பேச்சு ஆவணம் ஆகாது, மேடம்.”

வேலை அபினவுக்குப் போயிற்று. மறுவாரம் காளிகாட்டில் இருந்த அவள் வீட்டுக்கே வந்தான்.

“மேம், அந்த நோட்ஸ் எல்லார்கிட்டயும் இருந்துதே... பொதுதானேன்னு நினைச்சுட்டேன்.”

“பொதுன்னா உன் பேரை எதுக்குடா போட்டுண்டே?”

அபினவ் ஓர் அழைப்பிதழை நீட்டினான். “டிபார்ட்மென்ட்ல உங்களுக்கு உத்தரீயம் போட்டு ஒரு ஃபங்ஷன் வெச்சிருக்கோம். நீங்க எங்களுக்கு சரஸ்வதி மாதிரி, மேம்.”

“பூஜை முடிஞ்சதும் சரஸ்வதியை என்ன பண்றேள் இந்த ஊர்ல? லாரியில ஏத்திண்டு போய் கங்கையில தள்ளலையோ?”

அபினவ் தலை குனிந்தான், கண்கூடக் கலங்கியது. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான்.