லாயிட் ஸ்டம்ப் போட்ட சபதமும் முதல் வளைவு இருக்கையும்

லாயிட் ஸ்டம்ப் கார்களின் வாயை அடைத்துப் பிழைத்தவர். சைலன்ஸர் மாற்றும் பட்டறை வைத்திருந்தார். “சத்தம் தாங்கல லாயிட், ஏதாவது பண்ணு” என்று வருகிறவர்களுக்கு வாரத்தில் ஆறு நாள் ஏதாவது பண்ணி அனுப்புவார். மே மாதம் வந்துவிட்டால் அவரே பட்டறைக் கதவை விரியத் திறந்து போட்டுக்கொண்டு, பதினாறாம் தெருவுக்கு அந்தப் பக்கம் கார்ப் பந்தய மைதானத்திலிருந்து வரும் இரைச்சலில் கண்ணை மூடி நிற்பார். ஸ்பீட்வே ஊரில் யாரும் இதை வினோதமாக நினைப்பதில்லை. பல் மருத்துவரும் மிட்டாய் தின்கிறவர்தானே.

பந்தயத் தடத்தின் முதல் வளைவில் அவருக்கு இரண்டு இருக்கைகள் இருந்தன. அப்பா காலத்தவை. ஒவ்வொரு கோடையிலும் அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். ஒரு முறை விட்டால் இருக்கை வேறு யாருக்கோ போய்விடும். அந்த ஊரில் விவாகரத்தில் வீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு, நாயை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. இருக்கையை விட்டுக்கொடுத்தவரைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. லாயிட்டின் அப்பா மரணப் படுக்கையில் கடைசியாக உருப்படியாகச் சொன்னது, “அங்க வெயில் முதுகுல அடிக்கும், கழுத்தை மூடிக்கோ” என்பதுதான்.

அப்படிப்பட்ட லாயிட், 1996இல், இனி அந்த மைதானத்துக்குள் காலடி வைப்பதில்லை என்று சபதம் போட்டார்.

அந்த வருடம் பந்தயம் இரண்டாக உடைந்திருந்தது. சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அதே மாதிரிக் கார்கள்தான், இடது பக்கமாகவே சுற்றும் அதே மாதிரி முட்டை வடிவத் தடங்கள்தான். ஆனால் மைதானத்து முதலாளி தனக்கென்று ஒரு புதிய போட்டித்தொடரைத் தொடங்கி, அதில் ஓடுகிறவர்களுக்கே பெரும்பாலான இடங்களை ஒதுக்கிவிட்டார். பெரிய அணிகள் கோபித்துக்கொண்டு, மே கடைசியில் இங்கே பந்தயம் நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை மிச்சிகனில் தங்கள் சொந்தப் பந்தயத்தை அறிவித்தன. அண்ணன் கல்யாணத்தன்று தம்பி எதிர்த்தெருவில் பந்தல் போட்ட கதை.

லாயிட் தம்பி கட்சி. அவர் மனைவி வில்மா அண்ணன் கட்சி.

“பெரிய ஓட்டுனருங்க எல்லாம் மிச்சிகன்ல இருக்காங்க” என்றார் லாயிட், சாப்பாட்டு மேஜையில். “இங்க வரவனுங்க பேரையே நான் கேள்விப்பட்டதில்ல. பாதிப் பேரு நேத்துதான் லைசென்ஸ் வாங்கியிருப்பான்.”

“கல்யாணத்தப்ப உன் பேரைக்கூட எங்கப்பா கேள்விப்பட்டதில்ல. வரவேணாம்னா சொன்னாரு?” என்றார் வில்மா. “பந்தயம்னா அது இங்க நடக்கிறதுதான். மத்தது எல்லாம் கார் ஓட்டறது.”

“ரெண்டு கட்சியும் ராசியாகிற வரைக்கும் நான் உள்ள காலடி வைக்க மாட்டேன். இது சத்தியம்.”

“சரி. அப்ப உன் சீட்டுல ஹாவர்ட் உக்காரட்டும். அவனுக்குப் பிடிச்சிருந்தா கோடையில அவன் பேருக்கே மாத்திடலாம். தன் ஆபீஸ் ஆளுங்களைக் கூட்டிட்டு வர வசதியா இருக்கும்னு அவனும் ரொம்ப நாளா கேக்கறான்.”

லாயிட்டின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. ஹாவர்ட் அவருடைய சகலை, வில்மாவின் தங்கை கணவர். கார்மெல் பக்கம் பெரிய வீடு, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஐரோப்பாக்காரர்களின் ஃபார்முலா ஒன் பந்தயம்தான் அவருக்கு மதம். அதற்காக ஞாயிறு விடியலில் எழுந்து, சிவப்பு இத்தாலியத் தொப்பி போட்டுக்கொண்டு, டிவி முன்னால் சின்னக் கோப்பையில் காபி குடிப்பார். லாயிட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“என்ன சகலை, உங்க காரெல்லாம் வலது பக்கம் திரும்பக் கத்துக்கிச்சா?”

இந்த ஆள் அப்பாவின் இருக்கையில் உட்காரப்போகிறார். இருந்தாலும் சபதம் சபதம். லாயிட் முள்கரண்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

பந்தய நாள் காலையில் வில்மா பொரித்த கோழியை ஐஸ் பெட்டியில் அடுக்கினார். ஹாவர்ட் சிவப்புத் தொப்பியோடு வந்து இறங்கினார்.

“போன வாரம் மொனாக்கோ பாத்தீங்களா சகலை? அதுதான் கலை.”

“பாத்தேன்” என்றார் லாயிட். “கடைசியில ஓடிட்டிருந்த காரையெல்லாம் என் பட்டறையிலயே நிறுத்திடலாம். மிச்சமெல்லாம் வழியிலயே படுத்துக்கிச்சு.”

“மழை பெஞ்சுது.”

“எங்காளுங்க மழை வந்தா குடை எடுத்துட்டு நிறுத்திடுவாங்க. புத்தி இருக்கு.”

“உங்காளுங்கன்னா யாரு? இங்கயா, மிச்சிகன்லயா?”

லாயிட் ஐஸ் பெட்டியைத் தூக்கி ஹாவர்டின் கையில் திணித்தார். வில்மாவும் ஹாவர்டும் தெருவைக் கடந்து கூட்டத்தில் மறையும் வரை வாசலில் நின்றார். வில்மா ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே நடக்கும் பந்தயத்தை உள்ளூர் டிவி நேரலையில் காட்டாது. இருக்கை காலியாகிவிடக் கூடாது என்று, உலகமெல்லாம் பார்த்து முடித்தபின் மாலையில்தான் காட்டுவார்கள். மிச்சிகன் பந்தயம் மட்டும் நேரலையில் வரும். அது தொடங்க இன்னும் நேரமிருந்தது. லாயிட் சோபாவில் சாய்ந்து அதற்காகக் காத்திருந்தார். வெளியே முப்பத்துமூன்று எஞ்சின்கள் கிளம்பின. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஜன்னலைச் சாத்தினார். கோப்பைகள் நிற்கவில்லை. கோப்பைகளை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தார். அலமாரியே ஆடியது.

பாதிப் பந்தயத்தில் கதவு திறந்தது. ஹாவர்ட், தொப்பியும் முகமும் ஒரே நிறத்தில்.

“பீர் இருக்கா?”

“பந்தயம் முடியலையே?”

“முடிஞ்சா என்ன, முடியலைன்னா என்ன? சுத்தறான், சுத்தறான், இடது பக்கமாவே சுத்தறான். கழுத்து வலிக்குது. கக்கூஸுக்கு ஒரு மைல் வரிசை.” குளிர்பெட்டியைத் திறந்து தானே எடுத்துக்கொண்டு சோபாவில் விழுந்தார். “ஆனா இடம் நல்ல இடம் சகலை. ஆபீஸ்காரங்களுக்குப் பிடிக்கும். எடுத்துக்கறேன்.”

லாயிட் டிவி ஒலியைக் கூட்டினார். மிச்சிகனில் கார்கள் மூன்று மூன்றாக வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. உலகத்திலேயே சிறந்த ஓட்டுனர்கள். பேர் தெரிந்தவர்கள். லாயிட் சபதம் போட்டதே இவர்களுக்காகத்தான்.

தொடக்கப் பச்சைக்கொடி விழுவதற்குள் முன்வரிசைக் கார்கள் ஒன்றோடொன்று உரசின. பின்னால் வந்தவை அதன்மேல் ஏறின. டிவி முழுக்கப் புகை. பாதிக் கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே குப்பையாகிக் கிடந்தன.

ஹாவர்ட் பீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தார். “இவங்கதான் பெரிய ஆளுங்களா? நேராப் போகச் சொன்னாலே இப்படி! வளைவே வரல சகலை!”

லாயிட் டிவியைப் பார்க்கவில்லை. தலையை ஜன்னல் பக்கம் சாய்த்திருந்தார். வெளியே இரைச்சல் படிப்படியாக இறங்கி, உறுமலாகி, முனகலாகியிருந்தது.

“மஞ்சள் கொடி. எவனோ மோதிட்டான், எல்லாரும் மெதுவாப் போறாங்க” என்றார்.

“எங்க? டிவியில எல்லாரும் இறங்கி நிக்கறானே.”

“இங்க.” சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காலையிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தது வெளியே நடந்ததைத்தான். இதற்கு முன் வந்த மஞ்சள் கொடிகளையும் வரிசையாகச் சொல்ல முடியும் போலிருந்தது. எரிச்சலாக வந்தது. “வில்மா பக்கத்துல யார் இருக்கா?” என்று கேட்டுவைத்தார்.

“யாரோ ஓஹியோக்காரன். நான் எழுந்ததும் பின்வரிசையிலேர்ந்து தாண்டி வந்து உக்காந்துட்டான். ஷூவைக் கழட்டிட்டான் பாவம். காலு வலிச்சிருக்கும்.”

லாயிட் எழுந்து நின்றார்.

“எங்கப்பா சீட்டுல. ஓஹியோக்காரன். ஷூவைக் கழட்டிட்டு.”

“சும்மா காலியாத்தானே...”

“டிக்கெட்டைக் குடு சகலை.”

“நீங்க சத்தியம் பண்ணீங்களே?”

“குடுய்யா!”

மைதான வாசலில் மஞ்சள் சட்டை போட்ட காவலர், லாயிட்டிடம் இரண்டு முறை சைலன்ஸர் மாற்றியவர். வழியை மறித்துக்கொண்டு முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“யாரு இது! வரவே மாட்டேன்னு ஊரெல்லாம் சொன்னியாமே?”

“பந்தயம் பாக்க வரல. ஒருத்தனை எழுப்ப வந்தேன்.”

“எழுப்பிட்டு?”

“வழி விடுப்பா.”

ஓஹியோக்காரர் நல்ல மனிதர். லாயிட்டின் முகத்தைப் பார்த்ததும் ஒரு கையில் ஷூவும் மறு கையில் கோழித் துண்டுமாக, மன்னிப்புக் கேட்டபடியே பின்வரிசைக்கு ஏறினார். கோழி வில்மா கொடுத்தது. அதற்கு மன்னிப்பு உண்டா என்று லாயிட் யோசித்துக்கொண்டே நின்றார்.

“உக்காரு, பின்னால மறைக்குது” என்றார் வில்மா, தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் சீட்டைப் பாத்துக்கத்தான் வந்தேன்.”

“உக்காந்து பாத்துக்கோ.”

உட்கார்ந்தார். வெயில் முதுகில் அடித்தது. சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். மஞ்சள் விலகிப் பச்சைக்கொடி விழுந்தது. கார்கள் முதல் வளைவுக்குள் பாய்ந்து வந்தன; அந்தச் சத்தம் விலா எலும்பில் ஏறி இறங்கியது. பேர் தெரியாத எவனோ ஒருவன் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது மிதியிலிருந்து காலை எடுக்காமல் இன்னொருவனைத் தாண்டினான்.

“போடா, போடா, போடா!” என்று கத்தியது யார் என்று லாயிட் சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரு அவன்?” என்றார் வில்மாவிடம், கொஞ்சம் தணிந்து.

“தெரியாது. ரெண்டு மாசம் முன்னால முதுகெலும்பு உடைஞ்சுதாம். உன் மிச்சிகன் எப்படிப் போகுது?”

“தொடங்கிட்டாங்க” என்றார் லாயிட். “ஒரு மாதிரியா.”

முதுகெலும்பு உடைந்தவன்தான் ஜெயித்தான். இங்கே ஜெயிக்கிறவர்களின் வழக்கப்படி பால் குடித்தான். வில்மா காலிப் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார்.

“அப்ப ஹாவர்டுக்கு என்ன சொல்லட்டும்?”

“இந்த சீட்டுலேர்ந்து இடது பக்கம் மட்டும்தான் தெரியும்னு சொல்லு.”

அந்தக் கோடையில் இருக்கை லாயிட் பேரிலேயே புதுப்பிக்கப்பட்டது. சபதமும் அப்படியே இருந்தது. இரண்டு கட்சியும் ராசியாகப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அத்தனை வருடமும் மே கடைசி ஞாயிறு லாயிட் முதல் வளைவில் இருந்தார். மறுநாளோ அதற்கு மறுநாளோ பட்டறைக்கு வருகிறவர்கள், பந்தயம் எப்படி என்று கேட்பார்கள்.

“எனக்கென்ன தெரியும்?” என்பார் லாயிட், தொண்டை கட்டிய குரலில். “நான் சீட்டைப் பாத்துக்கப் போனேன்.”