முதிரைப் பலகையில் ஒரு கிட்டார்

என் கிட்டாரை முதன்முறை கையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் சற்றுக் குனிந்துவிடுவார்கள். அவ்வளவு பாரம். மின்சாரக் கிட்டார் பெரும்பாலும் உள்ளே பொந்தில்லாத முழு மரம்தான். ஆனால் என்னுடையது முதிரை. கதவுக்கும் நிலைக்கும் போடுகிற மரத்தில் யாரும் கிட்டார் செய்வதில்லை. நான் செய்தேன். அந்த மரம் என்னுடையதும் அல்ல.

கல்முனையில் நான் பௌதிகவியல் படிப்பித்தேன். ஒரு காந்தத்தையும் செப்புக் கம்பிச் சுருளையும் மேசையில் வைத்து, காந்தத்தின் அருகே இரும்பு அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மின்சாரக் கிட்டார் என்பது அந்தப் பாடம்தான். கம்பி அதிர்கிறது, அதன் கீழே இருக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்குகிறது. பல்கலைக்கழக விடுதியில் இரவல் கிட்டார் ஒன்றில் கொஞ்சம் பழகியிருந்தேன். சொந்தமாக ஒன்று வேண்டும், அதுவும் என் கையாலேயே பூட்டியதாக இருக்க வேண்டும் என்ற ஆசை நாற்பதைத் தாண்டிய பிறகும் விடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பி சவூதியில் வேலை செய்தான். முழுக் கிட்டாரைக் கொண்டுவர ஆள் கிடைக்காது, பாகம் பாகமாக ஓடர் கொடுத்தால் ஊருக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடலாம் என்றான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் விரல்கள் கட்டை. அதனால் மெலிந்த கழுத்தாகக் கேட்டேன். முறுக்காணிகள் கறுப்பாக இருக்கட்டும், பிக்கப் இரண்டு போதும் என்றேன்.

கழுத்து, தொழுகை விரிப்பான ஒரு முஸல்லாவுக்குள் சுருட்டப்பட்டு வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தெருவில் இருந்தவர், கிட்டாரைக் கண்ணால் காணாதவர். வழியில் சோதனைச் சாவடியில் முஸல்லாவை விரித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"பயத்துல தொழுற சாமான் எண்டு செல்லிட்டன் சேர்," என்றார், வாசலில் நின்றபடியே. "முஸல்லாவக் கையில வெச்சிக்கிட்டுப் பொய் செல்ல வெச்சிட்டீங்க. இனி உங்கட சாமான் ஒண்டையும் நான் தொடமாட்டன்."

பிக்கப் இரண்டும் பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வந்தன. எறும்பைத் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உடம்பை மட்டும் தம்பி அனுப்பவில்லை. "ஊர்ல மரமா இல்ல?" என்று கேட்டான்.

இருந்தது. வீட்டு வளவில் விழுந்த மாமரத்தில் ஒரு உடம்பு வெட்டுவித்தேன். பச்சை மரம். காயக் காய அப்பளம்போல வளைந்துவிட்டது. நன்றாகக் காய்ந்த பழைய மரம் வேண்டும் என்று அப்போது விளங்கியது. அப்படிப்பட்ட மரம் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நானும் அப்படி வந்தவன்தான். வீடும் வளவும் மனைவியுடையவை. பெண் பிறந்த நாளிலிருந்தே அவளுடைய வீட்டுக்குக் கல்லும் மரமும் சேரத் தொடங்கிவிடும். என் மாமனார் வயல் வட்டையில் வேளாண்மை செய்தவர். என் மகள் பிறந்த வருடம், ஒரே மரத்தில் அறுத்த இரண்டு முதிரைப் பலகைகளைக் கொண்டுவந்து வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பின் முகட்டில் ஏற்றிவைத்தார். பேத்தியின் வாசலுக்கு இரட்டைக் கதவு, பலகைக்கு ஒரு கதவு. இரண்டிலும் மூலையில் விரலால் தொட்டு ஒரு தார்ப் பொட்டு வைத்தார். பிறகு மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் என் மனைவி அவற்றை இறக்குவித்து, எண்ணெய் பூசி, வெயில் காட்டி, திரும்ப ஏற்றுவிப்பாள்.

அவள் மகளோடு கோமாரி என்ற ஊரில் உள்ள உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த நாளில், நான் ஒரு பலகையை இறக்கினேன்.

தச்சு வேலை செய்யும் ஓடாவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர், இது கதவுப் பலகையெல்லோ?"

"மேலதிகமாகக் கிடந்தது," என்றேன்.

மகள் சின்னப்பிள்ளை. அவளுக்கு வீடு கட்டுகிற காலத்துக்குள் இதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் போரினால் காட்டிலிருந்து மரம் ஏற்றி வரும் லொறிகள் அப்போதே நின்றுபோயிருந்தன. அது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஆசைக்கு முன்னால் அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிட்டாரைப் பூட்டி முடித்த நாளில் ஊரில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் அந்தக் கிட்டாருக்குக் குரல் கிடையாது. மீட்டுகிறவனுக்கு மட்டும் கொசு பறப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். கோமாரியிலிருந்து வந்திருந்த மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு பாடுபட்டது இந்தச் சத்தத்துக்கா?"

"மரத்துல காத வை," என்றேன்.

பக்கத்தில் இருந்து காதை வைத்தாள். நான் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒருமுறை மீட்டினேன். அவளுடைய கண் விரிந்தது. "அல்லாஹ், உள்ளுக்குள்ள ஊரே இரிக்கி!" என்று சிரித்தாள். திரும்பவும் மீட்டச் சொன்னாள். கேட்டுக்கொண்டே பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். ஒரு மூலையில் கை நின்றது. தார் மரத்துக்குள் ஊறியிருந்தது. சீவுளி போட்ட பிறகும் அங்கே ஒரு கறுப்பு நிழல் மிச்சம் இருந்தது.

"எங்க வாங்கின மரம்?"

"மரக்காலையில."

"நல்ல மரம்," என்றாள். பெருவிரலால் அந்த இடத்தை இன்னொருமுறை தொட்டுவிட்டு எழும்பிப் போனாள்.

அந்த வருடம் மாரிக்கு முன் அவள் ஒற்றைப் பலகைக்கு எண்ணெய் பூசினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசி முடித்து, துணியை என்னிடம் நீட்டி, "இதக் காயப் போடுங்க," என்றாள். அன்றே நான் பேசியிருக்கலாம். துணியைக் காயப் போட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மகளுக்குச் சம்பந்தம் பேசி, வீட்டு வேலை நிலை வைக்கும் அளவுக்கு வந்தது. என் மச்சான், மனைவி காக்கா என்று கூப்பிடுகிற அவளுடைய மூத்த சகோதரர், கதவுக்கு அளவெடுக்க வந்தார். தகப்பனுக்குப் பிறகு அந்தப் பொறுப்பெல்லாம் அவருடையது. சாய்ப்பில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மற்றப் பலகை எங்க?"

கிட்டார் அவருக்கு நேர் எதிரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

"கறையான் திண்டுட்டு காக்கா," என்றாள் என் மனைவி.

"முதிரையக் கறையான் தின்னுமா புள்ள?"

"நான்தான் பாக்காம உட்டுட்டன். தூக்கி எறிஞ்சிட்டன்."

மச்சான் சத்தம் போட்டார். "வாப்பா யார நம்பி வெச்சிட்டுப் போன? வருஷத்துக்கு ஒருக்கா ஒரு துணி எண்ணெய். அதுக்கும் இந்த வீட்டுல கையில்லையா? புள்ளைய வாசல் இல்லாத வீட்டுலயா குடுக்கப் போறீங்க?"

"ஓம் காக்கா, பிழைதான். என்ட வீட்டு வாசல் கதவு இரிக்கி. அதுவும் வாப்பா போட்டதுதானே. அதக் கழட்டி அவளுக்குப் போடுங்க."

நான் எழும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கெட்ட காரியம் பலகையை வெட்டியது என்று பலகாலம் நினைத்திருந்தேன். அது இல்லை. அந்தக் கதிரையில் நான் இருந்த இருப்புதான்.

எங்கள் வாசல் கதவு மகள் வீட்டுக்குப் போனது. மிஞ்சியிருந்த ஒற்றை முதிரைப் பலகை எங்கள் வாசலுக்கு ஒரு கதவானது. மற்றப் பக்கத்துக்கு வேம்பு. ஒரு கதவு பொன் நிறம், ஒரு கதவு மங்கல். இன்றும் அப்படித்தான். வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால், "அவருக்கு ரெண்டு நிறம் விருப்பம்," என்று என் மனைவி சொல்லிவிடுவாள். எனக்கு அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கிட்டாரை எடு, வை என்றும் சொன்னதில்லை. கரண்ட் போன நேரங்களில் பக்கத்தில் வந்திருந்து மரத்தில் காதை வைப்பாள். எனக்கு வாய்த்த ரசிகை அவள் ஒருத்திதான். அல்ஹம்துலில்லாஹ், அது போதுமாக இருந்தது.

போன மாரிக்கு முன் மச்சான் சுகமில்லாமல் படுத்திருந்தார். பார்க்கப் போனேன். கட்டிலின் பக்கத்தில் இருந்து, கொண்டுபோன தோடம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னேன்.

"மச்சான், அந்தக் கறையான் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆறு கம்பி கட்டின கறையான அண்டைக்கே சுவருல கண்டனே."

"அப்ப ஏன் அவளை ஏசினீங்க?"

"அவளையா ஏசின? உங்களப் பாத்துத்தானே சத்தம் போட்ட நான். எழும்பி வருவீங்க எண்டு பாத்தன். நீங்க வரல்ல. அவ உங்கட முகத்தக் காப்பாத்தி நிக்கிறா, அத நான் கிழிக்கலாமா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பரவால்ல. அந்தக் கதிரையில இருந்து இண்டைக்காவது எழும்பிட்டீங்க. அந்தப் பழத்த உருட்டாம உரிச்சித் தாங்க."

உரித்துக் கொடுத்தேன். சுளையாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், காக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அரிசி அரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"மகளுக்கு நான் எப்பயோ செல்லிட்டன். அவ சிரிச்சிக்கிட்டு, வாப்பாக்கிட்டக் காட்டிக்கொள்ளாதீங்க எண்டா."

குசினி வாசலில் அப்படியே நின்றேன். இத்தனை வருடமும் இத்தனை பேர் என்னை வெட்கப்படவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"உன்னட்டயும் செல்லணும்," என்றேன். "அது மரக்காலையில வாங்கின மரமில்ல. உன்ட வாப்பா நம்மட மகளுக்கு வெச்ச பலகை. உன்னட்டக் கேக்காம எடுத்தன். நீ ஏச்சு வாங்கக்குள்ள வாயப் பொத்திக்கிட்டு இருந்தன்."

அவள் கையை உதறித் துடைத்தாள். கண் கலங்கியிருந்ததா, அடுப்புப் புகையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"சரி," என்றாள். "மாரி வருகுது. வாசல் கதவுக்கு இந்த முற நீங்க எண்ணெய் பூசுங்க."

எண்ணெயையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் வேம்பு, பிறகு முதிரை. துணியில் எண்ணெய் மிச்சம் இருந்தது. கிட்டாரை இறக்கி, அதன் முதுகில் அந்தக் கறுப்பு நிழல் உள்ள மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினேன்.