கஸ்தூரி டீச்சர் கேட்ட கேள்வி

போன திங்கட்கிழமை காலை, ராஜபாளையத்தில் நம் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கஸ்தூரி டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. நான்கு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அவளைத் தேடி அழ ஒரு பிள்ளை இருக்கிறானே என்று நினைத்தேன். என்ன மனசோ இது!

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் மனநல டாக்டர் ஒருவரிடம் போயிருந்தேன். சேலைத் தலைப்பால் முகத்தை மூடி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் கஸ்தூரி, ஒன்றரை வயது மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, என்னத்துக்கு ஒளியுத? நானும் அதுக்குத்தான வந்திருக்கேன்" என்றாள்.

இருவருக்கும் ஒரே மாத்திரை. அவள் உள்ளே நேராகக் கேட்டிருக்கிறாள்: "பிள்ள இன்னும் குடிக்கான். நிறுத்தணுமா?" இந்த மருந்துக்கு நிறுத்த வேண்டாம், பிள்ளை வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறானா என்று கவனியுங்கள் என்றாராம் டாக்டர். இதை அவள் பிறகுதான் சொன்னாள்; நான் வெட்கத்தில் டாக்டரிடம் அதைக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, மகளுக்குப் பாலை மறக்கடிக்க வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் தடவிக்கொண்டேன். அவள் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் நாள் கிட்டவே வரவில்லை.

கஸ்தூரியோ சாயங்காலம் மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுவாள். "எம்மவன் வாசல்ல நிப்பான்" என்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். "பைத்திய மாத்திரை தின்னுக்கிட்டு பால் குடுக்கா" என்று உங்களிடம் பரப்பியது நான்தான். அது அவள் காதுக்கும் போனது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஒனக்குப் பொறாம. எம்புட்டு வேணும்னாலும் பட்டுக்கோ. மாத்திரைய மட்டும் நிறுத்திராத" என்றாள். என் கதையை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

துக்கம் கேட்கப் போன துஷ்டி வீட்டில் அவள் மகன் என் மடியில் ஏறி மாராப்பை இழுத்தான். அவனைத் தூக்கிக்கொள்ள வந்தவர்களிடம், "விடுங்கள்" என்றேன். என்னிடம் பால் இல்லை. ஆனாலும் என் மார்பில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனான், கசப்பே தெரியாத பிள்ளை. அந்த நேரத்திலும் எனக்கு அவள் மேல் பொறாமைதான்.

அவளுடைய எவர்சில்வர் டம்ளர் நம் அறை ஜன்னலில் இருக்கிறது. மதியம் சாப்பிட்டதும் நம் எல்லோர் முன்னாலும் அதில்தான் தண்ணீர் ஊற்றி மாத்திரை போடுவாள். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளை மதியம் நீங்கள் எல்லோரும் பார்க்கும்போது அதில்தான் என் மாத்திரையை விழுங்கப் போகிறேன்.