மாணிக்கத்தின் பெரட்டு

1. அசைந்த பென்சில்

ஐம்பதுகளின் நடுவில், நகருக்கு வெளியே இருந்த மனநல மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஆங்கிலப் பள்ளிப் படிப்பு, இருபத்து நான்கு வயது. ஆங்கிலேய டாக்டருக்கும் தமிழ் நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவது என் வேலை.

முதல் நாள் வந்தவர் மாணிக்கம். சாலைத் துப்புரவுத் தொழிலாளி. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், இருந்தார். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் ஒருவர். தினமும் விடியும்போது முற்றத்தில் நின்று உரக்கப் பெயர்களைக் கூப்பிடுகிறார் என்று லயத்துக்காரர்கள் பயந்து கொண்டுவந்து விட்டார்கள்.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள்.

"கங்காணி மொதல்லயே காய்ச்சல்ல போயிட்டாரு. அப்புறம் நாந்தான் பெரட்டு கூப்பிட்டேன். பதினோரு பேரு. ஒவ்வொருத்தனா போனானுங்க. ஒருத்தனுக்கும் குழி வெட்டல, வாய்க்கு ஒரு பிடி அரிசி போடல. நான் கூப்பிட்டாத்தான் எந்தப் பக்கம் வரணும்னு அவனுங்களுக்குத் தெரியும். கூப்பிட்டா குரல் குடுக்குறானுங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

"அவருக்குக் குரல்கள் கேட்கின்றன" என்றேன்.

அது பொய் அல்ல. ஆனால் அரிசியையும் குழியையும் நான் சொல்லவில்லை. படிக்காத கூலிகளின் பேய் நம்பிக்கையைக் கேட்டு வெள்ளைக்காரர் நம் எல்லாரையும் பற்றி என்ன நினைப்பார் என்று கூசினேன்.

எழுந்து போகும்போது மாணிக்கம் மேசைமேல் கை வைத்து, தோட்டத்துக் குமாஸ்தாவை அழைப்பதுபோல் என்னை அழைத்தார். "அந்தப் பேரெல்லாம் எழுதிக்குங்க கிராணியாரே. எனக்கடுத்து அது தெரிஞ்ச ஆளு இல்ல." பதினோரு பெயர்களையும் நிதானமாகச் சொன்னார். நான் பென்சிலை அசைத்தேன். தாளில் அன்றைய தேதியின்மேல் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

2. பக்கத்து அறை

அதே வாரம் பக்கத்து அறையில் ஒரு சீனப் பெண். அவள் கணவனை ஜப்பானியச் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள், திரும்பவில்லை. அவளுக்கு மொழிபெயர்த்தவர் லிம். வேலையில் எனக்கு மூத்தவர். அவள் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னார்: செத்த கணவன் வாசலில் பசியோடு நிற்கிறான், செத்தவர்களுக்குப் படைக்கிற ஏழாம் மாதம் வருகிறது, சோறு வைத்துக் காகிதப் பணம் எரிக்க வேண்டும். டாக்டர் அவள் வீட்டுக்குப் போய்வர அனுமதி எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது அவள் தானே தலைவாரியிருந்தாள்.

"வெட்கமா இல்லையா, இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்ல?" என்று நான் கேட்டேன்.

லிம் சிரித்தார். "புருஷன் பசியா இருக்கான்னு அவ சொல்றா. புருஷன் பசியா இருக்கான்னு நான் சொல்றேன். எனக்கு என்ன லா? என் புருஷனா?"

மாணிக்கத்துக்கு மின்சார சிகிச்சை தொடங்கியிருந்தது. என் ஒரு வாக்கியத்தை நம்பித்தான்.

3. பதினோரு இடைவெளிகள்

வார்டு உதவியாளர் யூசோப் மலாய்க்காரர். மாணிக்கம் பெரட்டு கூப்பிடும்போது அவர் வார்டுக்குள் போகமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை நிற்பார். ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"நாளைக்கு வெள்ளன வந்து பாரு. உங்காளு இப்பப் பேரு சொல்றதில்லை."

போனேன். இன்னும் வெளுக்கவில்லை. மாணிக்கம் கட்டில் பக்கத்தில் விறைப்பாக நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, மூடியது. ஒருவர் பதில் சொல்லக்கூடிய நேரம் காத்திருந்தார். தலையை அசைத்தார். மறுபடி வாய் திறந்தது. எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொரு இடைவெளியும் ஒரே அளவு. வார்டில் முப்பது பேர் இருந்தார்கள்; ஒருவர்கூட இருமவில்லை.

முடிந்ததும் என்னைப் பார்த்தார். "எல்லாரும் வந்து நிக்கிறானுங்க. பேரு வர மாட்டேங்குது. நீங்க எழுதினீங்களே, கிராணியாரே."

அன்று காலையே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "இதைத்தானே முதல் நாள் கேட்டேன்" என்றார். மின்சாரத்தில் நினைவும் போகும் என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்தினார். "நாளைக் காலையில் நீங்கள் போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள்" என்றார்.

4. ஒன்பது

அன்று இரவெல்லாம் யோசித்ததில் ஏழு பெயர்கள் நினைவுக்கு வந்தன. காளிமுத்து, பெரியசாமி, சின்னையா, அங்கப்பன், ராமு, மருதை, வீரன். யூசோப் காதால் கேட்டே இரண்டைப் பிடித்து வைத்திருந்தார்: சடையன், குப்புசாமி. "சடியான்" என்றுதான் சொன்னார். மாணிக்கம் உடனே நிமிர்ந்துவிட்டார்.

நான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். மாணிக்கம் காது கொடுத்துக் கேட்டார், தலையசைத்தார். ஒன்பதோடு நின்றேன். அவர் காத்திருந்தார்.

சில மாதங்களில் வீட்டுக்குப் போனார். டாக்டர் அனுமதியோடு நானும் யூசோப்பும் கூடப் போனோம். லயத்துக்குப் பின்னால் பதினோரு இலை போட்டார். ஒன்பது இலைக்கு முன்னால் பெயர் சொல்லி அரிசி போட்டு, போய் வா என்றார். கடைசி இரண்டு இலைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"பேரு இல்லாம எப்படி அனுப்புறது" என்றார் என்னிடம். கோபம் இல்லை. "இந்த ரெண்டு பேரை நீங்க வச்சுக்குங்க."

அதன்பிறகு அவர் பெரட்டு கூப்பிடவில்லை என்று லயத்தில் சொன்னார்கள். வேலைக்குத் திரும்பினார். அறுபதுகளில் அவரைத் தேக்கா சந்தைப் பக்கம் இரண்டொரு முறை பார்த்தேன். வணக்கம் சொல்வார், என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்.

மொழிபெயர்க்க வரும் இளையவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு பாடம்தான் உண்டு. சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள். உங்களுக்குக் கூசுகிற பகுதியை முதலில் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் எழுதுங்கள்.

எனக்கு இப்போதும் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. கட்டிலைவிட்டு எழுந்து நிற்கிறேன். கூப்பிட என்னிடம் பெயர் இல்லை. இரண்டு பேர் பதில் சொல்லக்கூடிய நேரம் காத்திருந்துவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறேன்.