சீசனுக்கு ஒரே பெட்டி

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் எங்கள் வீடுகளாக இருப்பதில்லை. அருவிக்கு வருகிறவர்களுக்கு முன்னறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் பின்னறையில் ஒண்டிக்கொள்வோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரே அறையில்தான். "மனமிருந்தால் புளிய இலையில் இரண்டு பேர் படுக்கலாம்" என்று வருடம் தவறாமல் நான் சொல்வேன். சுவரோரம் ஒடுங்கிப் படுப்பது என் மனைவி.

என்னிடம் ஒரு பாம்பு இருக்கிறது. நம் ஊர்ப் பாம்பு இல்லை, அதை வளர்த்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன வகை மலைப்பாம்பு. விஷம் கிடையாது, முறைப்படி பதிந்து தாளும் வாங்கியிருக்கிறேன். இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவன் என் கல்லூரி நண்பன். ஆலங்குளத்துக்காரன், பட்டாளத்தில் இருக்கிறான். அவனிடமும் அதே வகையில் ஒன்று இருந்தது. கைவிரல் கனத்தில் வந்ததை எட்டு வருடம் வளர்த்திருந்தான். போன வருடம் அவனை வடக்கே மாற்றியபோது, அவன் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று என்னிடம் கொண்டுவந்து விட்டான். கண்ணாடிப் பெட்டி, அடியில் போடும் கரண்ட் சூட்டு விரிப்பு, உள்ளே ஒளிந்துகொள்ள வாய் உடைத்துக் கவிழ்த்த மண்சட்டி எல்லாம் கூடவே வந்தன.

"ஏலே, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுறாத. இதுகளுக்குக் கூட்டாளி வேண்டாம். தனியாக் கெடந்தாத்தான் சொகம்" என்றான்.

"நீ போலே, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

ஜூனில் சாரல் விழுந்தது. அறைகள் நிரம்பின. பின்னறையில் இரண்டு பெட்டிகளுக்கு இடமும் இல்லை, பிளக் பாயிண்டும் இல்லை. என் பாம்பின் பெட்டி பெரியது. நண்பனின் பாம்பைத் தூக்கி அதிலேயே விட்டேன். அவன் பெட்டிக்குள் வாடகைக்காரர்களுக்கான போர்வைகளை அடுக்கிப் பரணில் ஏற்றினேன்.

"அந்த அண்ணன் தனித்தனியாத்தான வைக்கச் சொன்னாவ?" என்றாள் மனைவி.

"நாம நாலு பேரு ஒரு ரூம்ல கெடக்கோம். ரெண்டு பாம்பு ஒரு பெட்டில கெடக்காதா?"

அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. யார் கேட்டாலும் அதையே சொன்னேன்.

முதல் வாரம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடந்தன. படம் எடுத்து, நண்பன் கண்ணில் மட்டும் படாதபடி மறைத்து, 'அண்ணன் தம்பி' என்று ஸ்டேட்டஸில் வைத்தேன். சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பத்தை அழைத்து, "பாத்தீங்களா சார், பாம்புக்கும் பாசம் உண்டு" என்று பிரசங்கம் வேறு செய்தேன். அதை நினைத்தால் இன்றும் காது மடல் சுடுகிறது. பெட்டியில் சூடான இடம் ஒன்றுதான். என் பாம்பு பெரியது. அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, நண்பனுடையது அதன் அடியில் அமுங்கிக் கிடந்தது. அவ்வளவுதான் அந்தப் பாசம்.

இரண்டாம் வாரம் சின்னது வெளியே வந்து, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்த மூலையில் படுக்கத் தொடங்கியது. இரை போடும்போது மட்டும் இரண்டையும் தனித்தனி வாளியில் விடுவேன், அந்த மட்டுக்கும் அறிவு இருந்தது. என்னுடையது எலியை உடனே பிடித்தது. அவனுடையது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாம்பு பல நாள் பட்டினி தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, "நல்லாத் திங்குதுலே" என்று பதில் போட்டேன். அந்த நேரம் வாசலில் இரண்டு வேன் நின்றது, எனக்கு வேலை இருந்தது.

ஒரு நாள் காலையில் மனைவிதான் கூப்பிட்டாள். "ஏங்க, இது வாயத் தெறந்துகிட்டு மூச்சு விடுது." மூக்கில் நுரை கட்டியிருந்தது. துணிப்பையில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற மருத்துவர் ஒருவர் இருந்தார். எடை போட்டார், வாயைத் திறந்து பார்த்தார், பிறகு கேட்டார்: "வேற பாம்புகூடச் சேத்து வச்சிருந்தீங்களா?"

"இல்ல சார். தனியாத்தான்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். நுரையீரலில் சளி என்று ஊசி போட்டார், சூட்டில் வைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நண்பனின் பெட்டியை இறக்கி, போர்வைகளை வெளியே எறிந்து, விரிப்பைப் போட்டு, சட்டியைக் கவிழ்த்து, அதை உள்ளே விட்டேன். எழும்பத் தெம்பில்லாத பாம்பு நேராக ஊர்ந்து தன் சட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. பிளக் பாயிண்டுக்கு அரிசி மூட்டையை நகர்த்தினால் போதுமாக இருந்தது. அன்றுதான் அதைக் கண்டுபிடித்தேன்.

ஐந்தாம் நாள் செத்துப்போனது.

நண்பனுக்குப் போன் செய்தேன். "சளிலே. வரும்போதே இருந்திருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அவன், "சரிலே, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

தீபாவளி லீவுக்கு வந்தான். அவன் பெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். அதைப் பார்க்காமல் முதலில் என் பாம்பிடம் போனான். தூக்கி, டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தான். காதோடு வைத்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டான்.

"நல்லாருக்கு" என்று பெருமூச்சு விட்டான். "இத நெனச்சுத்தாம்லே எனக்குத் தூக்கமே இல்ல. சீக்கு புடிச்சத ஒன் வீட்டுல கொண்டு வச்சிட்டு, ஒன்னோடதுக்கும் ஏதும் வந்துருந்தா நான் ஒன் மொகத்துல எப்படி முழிப்பேன்? மன்னிச்சிக்கோலே."

சொல்லவேண்டிய இடம் அதுதான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பரவால்லலே, வுடு" என்றேன்.

பெட்டியை என்னிடமே விட்டுவிட்டான். "இன்னொண்ணு வாங்குனா தனிப் பெட்டி வேணும்லா" என்றான். வண்டியைக் கிளப்பும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

உள்ளே வந்தேன். மனைவி அவன் குடித்த காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"மன்னிச்சு அனுப்பிட்டீங்களா?"